இல்லாத பையனுக்கு இரண்டு பொட்டலம்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருட்டு என்று பிறகு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது மரியாதை.

குழந்தைகளுக்கான ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்று. எடை குறைந்த பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஊட்டச்சத்து மையத்திலிருந்து மாதம் இரண்டு பொட்டலம் சத்துமாவு தருவார்கள். திட்டம் உருப்படியாக நடக்கிறதா என்று பார்க்க ஓர் ஆய்வு வைத்தார்கள். எடையும் உயரமும் எண்ணாக வந்துவிடும். மாவு வீட்டுக்குள் போன பிறகு என்ன ஆகிறது என்று எந்த எண்ணும் சொல்லாது. அதனால் தாய்மார்களை மூன்று சுற்று சந்தித்து, உட்காரவைத்துப் பேசவிட்டு, பேசியதையெல்லாம் பதிவு செய்து, ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்து, அதிலிருந்து ஓர் அறிக்கை தயாரித்தார்கள். அறிக்கையை மொழி திருத்தித் தரும் வேலை எனக்கு வந்தது. கூடவே, தட்டச்சு செய்த நேர்காணல்களையும் ஒரு கட்டாக அனுப்பியிருந்தார்கள். சந்தேகம் வந்தால் மட்டும் பாருங்கள், மற்றபடி படிக்க வேண்டியதில்லை என்றார்கள். அறிக்கையை முடித்துத் திருப்பி அனுப்பிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இல்லாமல் கட்டைப் பிரித்தேன்.

பதினான்காவது வீட்டில் மூன்று வரிகள் என்னைப் பிடித்துக்கொண்டன.

*கேள்வி கேட்பவர்: எனக்கும் ஒரு பையன். மூணு வயசு. சாப்பிடவே மாட்டான்.* (முதல் சுற்று, நான்காம் பக்கம்)

*தாய்: இதை உங்க பையனுக்குக் கொண்டு போங்க.* (அதே சுற்று, கடைசிப் பக்கம்)

*தாய்: நான்தான் சாப்பிட்டேன் மேடம். எனக்குப் பசிச்சது.* (மூன்றாம் சுற்று)

நான்காவது வரி அறிக்கையின் பின்னிணைப்பில் இருந்தது. இந்த மாதிரி ஆய்வுகளில் கேள்வி கேட்டவர் யார், எப்படிப்பட்டவர் என்றும் எழுதவேண்டும். கேட்பவரைப் பொறுத்துப் பதில் மாறும் அல்லவா? அங்கே இப்படி இருந்தது: *பெண், முப்பத்தெட்டு வயது, தனியாக வசிப்பவர், குழந்தை இல்லை.*

என் கையில் இருப்பது இந்த நான்கு வரிதான். மீதியெல்லாம் நான் கட்டியது.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

"அந்தத் தெருவில் அன்று காலை வெயில் கொஞ்சம்—"

வெயிலில் தொடங்கினால் இரண்டு பக்கம் வெயிலிலேயே நிற்க வேண்டியிருக்கும். விட்டுவிட்டேன்.

"பசி என்பது ஒரு—"

இது இன்னும் மோசம். மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு மேசை முன்னால் உட்காருகிற என்னைப் போன்றவர்கள்தான் பசி என்பது ஒரு இது, பசி என்பது ஒரு அது என்று ஆரம்பிப்பார்கள். அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்றாவது கொஞ்சம் தேறும். அதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

3

கேள்விக்காரி ஹெட்போனைக் கழற்றியதும் வீடு காலியாகிவிட்டது.

கேள்விக்காரி என்பது அவள் ஆய்வுக்குப் போன தெருக்களில் வைத்த பெயர். "கேள்விக்காரி வந்துட்டாங்க, பாயை எடுத்துப் போடு" என்பார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது என்று வைத்துக்கொள்கிறேன். பெயர் வைக்கும் அளவுக்காவது யாரோ தன்னைக் கவனித்திருக்கிறார்கள் என்ற எண்ணம்தான்.

இரண்டாம் மாடியில் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலியில் மடிக்காத துணி உட்கார்ந்திருக்கும். ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்ய ஐந்து மணி நேரம் ஆகும். ஓடவிட வேண்டும், நிறுத்த வேண்டும், பின்னால் தள்ளி மறுபடி கேட்க வேண்டும். அந்த ஐந்து மணி நேரமும் அவள் காதில் அடுத்தவர் வீட்டு மின்விசிறி சுற்றும், அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் உருளும், யார் வீட்டுப் பிள்ளையோ "அம்மா, ஒண்ணுக்கு" என்று கூப்பிடும். சில சமயம் இவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிடுவாள். பிறகு தானே சிரித்துக்கொண்டு உட்கார்வாள். ஹெட்போனைக் கழற்றினால் குழாய் சொட்டுவது மட்டும் கேட்கும்.

(முதல் வரைவில் இவளுக்கு ஒரு கணவனைக் கொடுத்திருந்தேன். பிறந்து இறந்த ஒரு பிள்ளையையும் கொடுத்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே எரிச்சல் வந்தது. பிள்ளை இல்லாத பெண்ணைக் கதைக்குள் விடவேண்டுமென்றால் அதற்கு ஒரு துக்கத்தைச் சான்றிதழாகக் காட்டித்தான் ஆகவேண்டுமா? இரண்டு பேரையும் நீக்கிவிட்டேன். அவளுக்கு ஓர் அக்கா மட்டும் இருக்கிறாள், வேறு ஊரில். மாதம் ஒருமுறை போன் செய்வாள். பேசுகிற நேரமெல்லாம் அந்தப் பக்கம் தன் வீட்டில் யாரையாவது அதட்டிக்கொண்டே இருப்பாள்.)

4

இனி அந்தப் பொய்.

பயிற்சிக் கையேட்டில் தெளிவாக இருந்தது: பேசுகிறவர் உங்கள் சொந்த விஷயம் கேட்டால் பிடி கொடுக்காதீர்கள், சிரித்தபடி பேச்சை அவர் பக்கமே திருப்புங்கள். பதின்மூன்று வீடுகளில் கேள்விக்காரி அப்படித்தான் செய்தாள். பதின்மூன்று வீடுகளிலும் ஒரே பதில் கிடைத்தது. "எல்லாம் நல்லா இருக்கு மேடம். பிள்ளைக்குத்தான் குடுக்கறோம். நல்லா சாப்பிடுது." குறை சொன்னால் மாவை நிறுத்திவிடுவார்களோ என்று பயம். அத்தனை பிள்ளைகளும் நன்றாகச் சாப்பிட்டன, அத்தனை பிள்ளைகளும் நோஞ்சானாக இருந்தன.

பதினான்காவது வீடு பொத்தான்காரியுடையது. ஆயத்த ஆடைத் தொழிற்கூடத்தில் சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பவள். இருபத்தாறு வயது. கணவன் லாரியில் போனால் பத்து நாள் கழித்துத்தான் திரும்புவான். இரண்டரை வயதில் ஒரு பெண். பொத்தான்காரி வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொள்வார். விடுமுறை நாளில்தான் நேர்காணலுக்கு ஒத்துக்கொண்டாள். ரெக்கார்டரைப் பார்த்துவிட்டு, கேள்விக்காரியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா மேடம்?"

"முதல்ல உங்களப் பத்திப் பேசலாமே."

"இல்லாட்டி விடுங்க. பெத்தவங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும். மையத்துல மாவு குடுக்கற பொண்ணு ஒண்ணு இருக்கு. கல்யாணம்கூட ஆகல. பிள்ளைக்கு எப்படி ஊட்டணும்னு எனக்குப் பாடம் எடுக்குது. நானும் தலையத் தலைய ஆட்டிட்டு வந்துடுவேன். உங்களுக்கும் ஆட்டிடறேன், எழுதிக்குங்க. நல்லா சாப்பிடுது."

பதினான்காவது முறையும் அதே பதில். கேள்விக்காரிக்கு ஒரு கணம் எழுந்து போய்விடலாம் போலிருந்தது. போய் என்ன செய்வது? அந்த அறைக்குப் போய், இந்த நாலு வரியைத் தட்டச்சு செய்வதா?

"எனக்கும் ஒரு பையன்," என்றாள். "மூணு வயசு. சாப்பிடவே மாட்டான்."

வாய் கூசாமல் வந்துவிட்டது. பொத்தான்காரி காலை மடக்கி நன்றாக உட்கார்ந்தாள்.

"அடடா, நீங்களும் நம்ம கட்சிதானா?"

அதற்குப் பிறகு ஒரு மணி நாற்பது நிமிடம் பேசினாள். பெண் மாவை வாயில் வாங்கிக்கொண்டு, அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிதானமாக அவள் மேலேயே துப்புவது. மையத்தில் கேட்டால் முழுசும் சாப்பிட்டதாகச் சொல்லிவிடுவது. இல்லாவிட்டால் மாவு தரும் அந்தப் பெண் பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்துவிடும். பிறகு எந்த வீட்டிலும் யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். "பொட்டலத்து மேல சுடுதண்ணில கலக்கணும்னு போட்டிருக்கு பாருங்க, அது தப்பு. கட்டி தட்டிடும். கட்டி நாக்குல பட்டா எந்தப் பிள்ளையும் துப்பும். ஆறின தண்ணில கரைச்சுட்டு அப்புறம் சூடு பண்ணணும். நாலு மாசம் ஆச்சு எனக்கு இதக் கண்டுபிடிக்க. இப்ப பரவால்ல, மாசம் இருநூறு கிராம் ஏறுது."

கிளம்பும்போது உள்ளே போய் ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தாள்.

"இதை உங்க பையனுக்குக் கொண்டு போங்க."

"ஐயோ, வேண்டாம்மா. இது உங்க பொண்ணுக்கு."

"உங்க வீட்டப் பாத்தா உங்களுக்குத் தரமாட்டாங்க. எனக்கு இன்னொண்ணு இருக்குல்ல? இழுத்துப் பிடிச்சு ஓட்டிடுவேன். சாப்பிடாத பிள்ளைய வச்சுக்கிட்டு நீங்க படற பாடு எனக்குத் தெரியாதா?"

வாங்கக் கூடாது. வாங்காவிட்டால் ஏன் வாங்கவில்லை என்ற கேள்வி வரும், கேள்வி வந்தால் பையன் இல்லை என்பது வந்துவிடும். கேள்விக்காரி பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

5

சம்மதப் படிவத்தின் அடியில் கேள்விக்காரியின் தொலைபேசி எண் இருக்கும். *ஆய்வு பற்றிச் சந்தேகம் இருந்தால் இந்த எண்ணை அழைக்கலாம்.* விதிக்காக அச்சடிப்பது அது. ஒன்பது வருட வேலையில் ஒருவரும் அழைத்ததில்லை.

நான்காம் நாள் மதியம் ஒன்று இருபதுக்கு போன் அடித்தது.

"அக்கா, நான்தான். பையன் சாப்பிட்டானா?"

மேடம் எங்கே போயிற்று, அக்கா எப்போது வந்தது என்று கேள்விக்காரிக்குத் தெரியவில்லை. தொழிற்கூடத்தில் மதிய இடைவேளை. பின்னால் தையல் இயந்திரங்கள் நின்ற அமைதியும் பெண்களின் பேச்சும் கேட்டன. கேள்விக்காரி தன் தட்டைப் பார்த்தாள். பாதி முட்டை கிடந்தது.

"பாதி முட்டை சாப்பிட்டான்," என்றாள்.

"பாருங்க! சாப்பிடறான். மீதியையும் குடுங்க. தட்டப் பாக்காதீங்க, தட்டப் பாத்தா அவனுக்குத் தெரிஞ்சுடும். மூஞ்சியப் பாத்துப் பேசிக்கிட்டே இருங்க. பேச்சு சுவாரசியத்துல தானா வாயத் திறப்பான்."

பேசிக்கொண்டே இருந்தாள் பொத்தான்காரி. மேற்பார்வையாளன் புதிதாக மீசை வைத்திருப்பதைப் பற்றி, ஒரே நாளில் எண்ணூறு சட்டைக்குப் பொத்தான் வைத்ததைப் பற்றி. அதைக் கேட்டுக்கொண்டே கேள்விக்காரி மீதி முட்டையையும் சாப்பிட்டு முடித்தாள்.

அதன் பிறகு வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள் என்று அழைப்பு வந்தது. கேள்விக்காரி ஒன்று பத்துக்கே தட்டில் போட்டு வைத்துக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தாள். தான் சாப்பிட்டதைப் பையன் சாப்பிட்டதாகச் சொன்னாள். தனக்கு இறங்காத நாளில் அவனுக்கும் இறங்கவில்லை. அவனுக்கு ஒரு கடைவாய்ப் பல் முளைத்தது, சளி பிடித்தது, விட்டது. அழைப்பு வராத நாட்களில் பையனைப் பற்றி அவளுக்கே கவலையாக இருந்தது. இரண்டாம் சுற்றுக்குப் போனபோது பொத்தான்காரி இன்னொரு பொட்டலம் கொடுத்தாள். இந்த முறை கேள்விக்காரி ஒருமுறைதான் வேண்டாமென்றாள்.

6

நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். ஏன் அவள் உண்மையைச் சொல்லவில்லை? போகட்டும், பொட்டலத்தையாவது ஏதாவது சாக்கு சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்கலாமே?

நானும் அதைத்தான் கேட்டேன். பதில் கிடைக்காததால் ஒரு வாரம் இவளை எழுதாமல் போட்டுவைத்தேன். கோபம்தான். இவ்வளவு படித்தவள், ஒரு பிள்ளையின் வாய்க்குப் போகவேண்டிய மாவை அலமாரிக்கு மேலே அடுக்கி வைத்திருக்கிறாளே என்று. அந்த வாரத்தில் ஒரு நாள் மதியம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் கண் தானாக என் போன் பக்கம் போனது. மணி பார்த்தேன். ஒன்று இருபத்தைந்து. எனக்கு யாரும் அழைப்பதாக இல்லை, இருந்தாலும் பார்த்தேன். அடுத்த நாளிலிருந்து மறுபடி எழுத உட்கார்ந்தேன்.

அவள் பக்கம் நின்று ஒன்று சொல்லவேண்டும்.* அந்தப் பொய்யையும், பொட்டலம் கைமாறியதையும் அவள் தட்டச்சு செய்யாமல் விட்டிருக்கலாம். தட்டுபவள் அவள்தான், யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் விடவில்லை. ஒரு சொல் விடாமல் என்றால் ஒரு சொல் விடாமல் தட்டி, பக்க எண் போட்டு அனுப்பினாள். யாராவது படித்துவிட்டுக் கூப்பிட்டு, என்ன இது என்று கேட்க மாட்டார்களா என்று இருந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை. தலைமை ஆய்வாளருக்குச் சுருக்கங்களைப் படிக்கவே நேரம் போதாது.

*\* இது சப்பைக்கட்டு என்று உங்களுக்குத் தோன்றினால், தோன்றட்டும்.*

7

மூன்றாம் சுற்றுக்கு முன்னால் தலைமை ஆய்வாளர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணாடியைத் தேடுகிறவர். மேசையில் எடை அட்டைகள் பரப்பியிருந்தன.

"உங்க பதினாலாவது வீட்டப் பாருங்க. நல்லா ஏறிக்கிட்டு வந்த பிள்ளை. போன மாசம் ஏறல, இந்த மாசம் நூறு கிராம் இறங்கியிருக்கு. ஒம்பது கிலோ எழுநூறு."

கேள்விக்காரி அந்த அட்டையை எடுத்துப் பார்த்தாள். அட்டையில் கோடு ஏணி போல ஏறி வந்து, அவள் முதல் பொட்டலத்தை வாங்கிய மாதத்தில் படுத்திருந்தது.

"வீட்டுல வேற யாருக்கோ போகுது," என்றார் அவர். "வழக்கமா நடக்கறதுதான். திட்டத்துல புது விதி கொண்டு வர்றாங்க, தெரியும்ல? ரெண்டு மாசம் தொடர்ந்து ஏறலன்னா வீட்டுக்குப் பொட்டலம் கிடையாது. தினமும் பதினோரு மணிக்குப் பிள்ளைய மையத்துக்குக் கூட்டிட்டு வந்து அங்கேயே ஊட்டணும்."

"அந்தம்மா வேலைக்குப் போறாங்க சார். பக்கத்து வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி. மையம் வரைக்கும் தூக்கிட்டு நடக்க முடியாது."

"அதான் சொல்றேன். நீங்க அந்த வீட்டுல நல்லாப் பழகியிருக்கீங்க. நேரடியாவே கேட்டுடுங்க, மாவு யாருக்குப் போகுதுன்னு. நியாயமான காரணம் இருந்தா பொட்டலம் நிக்காம இருக்க நான் எழுதிப் பாக்கறேன்."

அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். அட்டையைத் திருப்பி மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

(இந்த இடத்தில், "ஜன்னலுக்கு வெளியே ஒரு பறவை—" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். பறவைக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை.)

விடுமுறை நாளில் பொத்தான்காரி வீட்டுக்குப் போனாள். பெண் தரையில் உட்கார்ந்து ஒரு காலி டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தது. கழுத்தெலும்பு தெரிந்தது. போன மாதமும் தெரிந்ததா என்று கேள்விக்காரிக்கு ஞாபகமில்லை. போன மாதம் அவள் பிள்ளையைப் பார்க்கவில்லை, அம்மாவின் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். ரெக்கார்டரை ஓடவிட்டாள். சுற்றி வளைத்து நாற்பது நிமிடம் போனது. கடைசியில் கேட்டாள்.

"உங்களுக்குக் குடுக்கற மாவு... வேற யாருக்காவது போகுதாம்மா?"

பொத்தான்காரி அவளைப் பார்த்தாள். ரெக்கார்டரின் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்து, கண்ணாலேயே பயப்படாதே என்று ஜாடை காட்டினாள்.

"யாருக்கும் போகல. நான்தான் சாப்பிட்டேன் மேடம். எனக்குப் பசிச்சது."

தட்டச்சுப் பக்கத்தில் அந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் *பேச்சு இல்லை* என்று இருக்கிறது. ரெக்கார்டரை அணைத்ததும் பொத்தான்காரி அவள் தொடையில் தட்டினாள்.

"ஏங்க்கா இப்படி முழிக்கறீங்க? நீங்க வாங்கினது தெரிஞ்சா உங்க வேலை போயிடாதா? வேலை போயிட்டா பையனுக்கு என்ன குடுப்பீங்க?"

8

இனி முடிவுகள்.

முதல் முடிவு நான் எழுதியதல்ல. அது அறிக்கையில் இருக்கிறது. முப்பத்தோராம் பக்கத்தில், கட்டம் கட்டி, அந்த வாக்கியம் மேற்கோளாக வந்திருக்கிறது: *நான்தான் சாப்பிட்டேன். எனக்குப் பசிச்சது.* தாய்மாரின் பசி பற்றி ஒரு நல்ல பத்தி. அதைத் தொடர்ந்து, வீட்டுக்குத் தருவதைக் குறைத்து மையத்திலேயே ஊட்டலாம் என்ற பரிந்துரை. கட்டைப் பிரிப்பதற்கு முன் அதைப் படித்தபோது நெகிழ்ந்துபோனேன். அந்த நெகிழ்ச்சியோடு, மேற்கோளின் முடிவில் விட்டுப்போயிருந்த முற்றுப்புள்ளியை வைத்துக் கொடுத்தேன்.

கட்டைப் படித்த பிறகு நான் அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். மொழி திருத்துகிறவருக்கு அங்கே என்ன வேலை, எதற்கு மூக்கை நுழைக்கவேண்டும் என்று சும்மா இருந்துவிட்டேன். அந்த வெட்கத்தில்தான் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். கேள்விக்காரியை இவ்வளவு நேரம் விரட்டியதற்கும் அதுதான் காரணம்.

இரண்டாவது முடிவு: கேள்விக்காரி, பொத்தான்காரி இல்லாத நேரம் பார்த்து, பொட்டலங்கள் இரண்டையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறாள். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிரிக்காத பொட்டலம் இரண்டும் திரும்பி வந்தால் பொத்தான்காரி என்ன நினைப்பாள்? பையனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதானே? உடனே போன் செய்வாள். அழுவாள்.

இதிலிருந்தே மூன்றாவது முடிவு முளைத்தது. சொல்லவே கூசுகிறது. பையன் இறந்துவிட்டான் என்று சொல்லிவிடுவது. பொய் முடிந்துவிடும், பொட்டலம் வராது, ஆறுதல் சொல்ல ஒருத்தி தினமும் கூப்பிடுவாள். கேள்விக்காரி ஒரு பேருந்துப் பயணம் முழுக்க இதை யோசித்தாள். யோசிக்க வைத்தது நான்தான். அப்படியொரு பிள்ளை பிறக்கவே இல்லை. ஆனாலும் அவனைச் சாகவிட அவளால் முடியவில்லை.

9

ஆகவே நான்காவது முடிவில், கேள்விக்காரி நேரே தலைமை ஆய்வாளரிடம் போனாள். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சொல்லாமலே இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"ஆமா சார்."

"பதினாலாவது வீட்ட மொத்தமா நீக்கணும். பிள்ளைக்குப் பொட்டலம் நிக்காது, அத நான் எழுதிடறேன். எடை இறங்கினது தாய் மேல தப்பில்லன்னும் எழுதிடறேன். ஆனா உங்கள..."

"தெரியும் சார்."

பதினான்காவது வீட்டோடு, மாவை ஆறின தண்ணீரில்தான் கரைக்கவேண்டும் என்பதும் அறிக்கையை விட்டுப் போயிற்று. வேறு எந்த வீட்டிலும் அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. பொட்டலத்தின் மேல் சுடுதண்ணீர் என்றேதான் இன்னும் அச்சாகிறது.

அடுத்த விடுமுறை நாளில், ரெக்கார்டர் இல்லாமல், இரண்டு பொட்டலங்களையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கேள்விக்காரி போனாள். கதவு திறந்தது. பொத்தான்காரியின் இடுப்பில் பெண் இருந்தது. புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்தது.

"வாங்கக்கா! லீவு நாள்தானே, இன்னிக்காவது பையனக் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?"

"எனக்குப் பையன் இல்லம்மா," என்றாள் கேள்விக்காரி. "எப்பவுமே இல்ல. நீங்க போன்ல கேட்டப்பல்லாம் சாப்பிட்டது நான்தான்."

இதற்குப் பிறகு பொத்தான்காரி பேசவேண்டும். ஆறு பதில்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் சிரித்தாள். ஒன்றில் பையைப் பிடுங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். ஒன்றில், "அப்ப நான் யாருக்காகக்கா தினமும் கவலப்பட்டேன்?" என்று கேட்டாள். ஒன்றில், கொஞ்ச நேரம் கழித்து, "சரி, உள்ள வாங்க, சாப்பிட்டீங்களா?" என்றாள். அதை எழுதியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரொம்ப ஆறுதலாக இருந்தது. அதனால் அதைத்தான் முதலில் கிழித்தேன்.

அவளிடமிருந்து கேள்விக்காரி எடுத்தது போதும், ஆய்வு எடுத்தது போதும், முப்பத்தோராம் பக்கத்துக்காக எடுத்தது போதும், இந்தக் கதைக்காக நான் எடுத்ததும் போதும். அவள் பதிலையும் எடுத்து உங்களுக்குத் தர எனக்கு மனம் வரவில்லை. வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கத்தட்டும், சிரிக்கட்டும், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போகட்டும். அவளை மன்னிக்க மட்டும் வைத்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளை இன்னும் ஒன்பது கிலோ எழுநூறுதான்.